தனிமை, எண் ஏழு

டுபோவிட்சா நகரக் கலைக்கூடத்துக்கு மூன்று துணை இயக்குநர்கள். இயக்குநர் என்று தனியாக ஒருவர் கிடையாது. மூவரும் எட்டு மாதத்துக்கு ஒருவராக அந்த நாற்காலியில் உட்காருவார்கள். மற்ற இருவரும் அவரை எப்போது எழுப்பலாம் என்று நாள் எண்ணுவார்கள். மூன்று இனத்தாரின் சண்டை ஓய்ந்து சமாதானம் கையெழுத்தானபோது ஊரில் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தார்கள். பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி, ஆற்றுப்பாலத்துக்குச் சாயம் பூசும் வேலை, எல்லாம் மூன்று. கலைக்கூடத்துக்கும் அதே நியாயம். படம் குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். துணை இயக்குநர் குறைந்தால் சமாதானத்தைக் கண்காணிக்கும் தூதரகத்திலிருந்து கார் வரும்.

ஓவியர் ரெம்சா விட்டுப் போன படங்கள் முப்பத்து மூன்று. கலைக்கூடம் அவளை மெச்சியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். முப்பத்து மூன்றை மூன்றால் வகுக்கலாம்.

அவள் ஊர்க்காரர்களைத்தான் வரைந்தாள். பேருந்துக்கு நிற்பவர்கள், முடிவெட்டிக் கொள்பவர்கள், துக்கம் கேட்க வந்து காலணியைத் தேடுபவர்கள், பூங்கா பெஞ்சில் ஐஸ்கிரீம் தின்னும் ஒரு பெண். எதற்கும் பெயர் வைக்கவில்லை. பின்புறத்தில் தேதி மட்டும் எழுதுவாள். மருத்துவமனையில் படுத்திருந்தபோது எல்லாவற்றையும் கலைக்கூடத்துக்கே எழுதிக் கொடுத்தாள். பெயரில்லாத படத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை கலைக்கூடத்துக்கு உண்டு என்று அந்தப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அவள் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துப் போனாள்.

அந்தப் படங்களுக்கு வைத்த கண்காட்சியின் தலைப்பு: மனித உறவு, தனிமை, அன்றாடச் சடங்கு. அறைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பதினொரு படம்.

செப்டம்பரில் வாரிசுக் கையெழுத்துப் போட ரெம்சாவின் கணவன் வாஹித் அங்கே போனான். மூன்று பிரதி, மூன்று மேசை. ரெம்சா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு முப்பத்து நான்கு வயது. நகராட்சியின் நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை. காலையில் ஆற்றுநீரைக் குப்பியில் பிடிப்பான். மாலைக்குள் அதில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பான். மனைவி செத்ததற்கு அவன் அழவில்லை என்று அக்கம்பக்கத்தில் ஒரு குறை இருந்தது.

கையெழுத்து முடிந்ததும் தனிமை அறைக்குள் போனான். ஏழாவது படத்தில் அவனே இருந்தான்.

அவர்கள் வீட்டுச் சமையலறை. பூப்போட்ட மேசைவிரிப்பு. செம்புத் தட்டு, நீண்ட கைப்பிடியுள்ள காபிப் பாத்திரம், கைப்பிடியில்லாத இரண்டு சின்னக் கோப்பைகள். ஒன்று அவன் விரல்களுக்குள். இன்னொன்று மேசையின் இந்தப் பக்க விளிம்பில், பார்ப்பவர் கையெட்டும் தூரத்தில். அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பளபளப்பான அட்டை:

‘தனிமை, எண் ஏழு. வராத விருந்தாளி. ஒருபோதும் தட்டப்படாத கதவை ஒரு மனிதன் நோக்குகிறான். எதிரிலுள்ள கோப்பை, நம் காலத்தவன் மற்றவனுக்காகக் காத்துவைத்திருக்கும் வெறுமை.’

வாஹித் இரண்டு முறை படித்தான்.

“நான் கதவப் பாக்கல” என்றான்.

மூலையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஹாய்ரா நிமிர்ந்தாள். ஐம்பது தாண்டியவள், தொப்பியை மடியில் வைத்திருந்தாள்.

“கதவுன்னுதான் கண்ணு சொன்னாங்க. எனக்கென்ன தெரியும், நான் படத்த யாரும் தொடாமப் பாத்துக்கறவ.”

“அவளப் பாத்தேங்க்கா. எதிர்ல உக்காந்து வரஞ்சிட்டிருந்தா. காபி ஆறுது, பிரஷ்ஷக் கீழ வைன்னு சொல்லிட்டிருந்தேன். அது அவ கோப்பை.”

ஹாய்ரா எழுந்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“ஆமா. இது யாருக்கோ காத்திருக்கற மூஞ்சி இல்ல. பொண்டாட்டிகிட்ட சலிச்சுக்கற மூஞ்சி. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. நீ மியோத்ராக் ஐயாகிட்டப் போய்ச் சொல்லு. தனிமை அவரு துறை.”

துணை இயக்குநர் மியோத்ராக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். துறைக்கு ஏற்ற இருக்கை என்று ஆறு மாதமாக அப்படித்தான்.

“ஐயா, ஏழாவது படத்துக்குப் பேர மாத்தணும். நான் தனியா இல்ல.”

“உக்காருங்க தம்பி. படத்துல எத்தன பேரு?”

“ஒருத்தன்.”

“ஒருத்தன்னா தனிமை. ரெண்டுன்னா உறவு. அதுக்கு மேலன்னா சடங்கு. நாங்க மூணு பேரும் உக்காந்து எடுத்த முடிவு. மூணு கையெழுத்து இருக்கு.”

“வரையறவ எப்படிங்க படத்துக்குள்ள இருப்பா?”

“அதத்தான் நானும் சொல்றேன். இல்ல.”

வாஹித் கோப்பையைப் பற்றிச் சொன்னான். மியோத்ராக் கையை உயர்த்தினார்.

“நம்ம வீடுகள்ல தட்டுல ஒரு கோப்பை கூடுதலா வைக்கிறதில்லையா? யாராவது வந்தா இருக்கட்டும்னு. அதுதான் இது. ஒருத்தரும் வரல. இந்தக் கோப்பையப் பத்தி மட்டும் பதினாறு பக்கம் எழுதியிருக்கேன்.”

“கூடுதல் கோப்பையக் கவுத்தில்ல வைப்பாங்க. இது நிமிந்திருக்கு. பாதி குடிச்சிருக்கு. உங்க வீட்டுல எப்படி?”

“என் வீட்டுல காபி போடறதில்ல” என்றார் மியோத்ராக், கொஞ்சம் பெருமையாக. “பாதி குடிச்சதுன்னு நிரூபிங்க. மாத்தறேன்.”

படம் மூன்று அரக்கு முத்திரையோடு தலைநகருக்குப் போனது. மூன்று வாரத்தில் ஆய்வறிக்கை வந்தது. கோப்பையினுள் பழுப்பு வண்ணம் இருப்பது உறுதி. அது காபி என்று உறுதி செய்ய இயலாது. எண்ணெயும் மண்நிறமியும் கலந்த அந்தப் பொருளை எவரும் குடித்ததற்கான அறிகுறி இல்லை. குடித்திருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

வாஹித் அறிக்கையில் குறை காணவில்லை. அவனே எழுதியிருந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருப்பான்.

“சாட்சி இருந்தாலும் போதும்” என்றார் மியோத்ராக். “அந்த நேரத்துல கூட இருந்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டும்.”

“ரெம்சாதான் இருந்தா.”

“வரச் சொல்லுங்க.”

“செத்துட்டா.”

மியோத்ராக் வருத்தத்தோடு தலையசைத்து, படிவத்தில் ஒரு கட்டத்தைத் தேடி எழுதினார். “வேற யாரும் இல்ல. அப்ப, தனியாத்தான் இருந்தேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

வாஹித் வீட்டுக்கு நடந்தான். அவள் இல்லாமல் போனது பிப்ரவரியில். அந்தப் படம் அதற்கு முந்தைய வருடத்து நவம்பர். நவம்பரில் அவள் இருந்தாள். கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, அசையாதே அசையாதே என்று அதட்டிக்கொண்டு, முழுசாக இருந்தாள். பிப்ரவரியை அவன் ஏற்றுக்கொண்டுவிட்டான். ஏற்றுக்கொள்ளாமல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இவர்கள் நவம்பரையும் கேட்கிறார்கள். அதைக் கொடுக்க முடியாது என்று மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏழு மாதத்தில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்த முதல் விஷயம் அது.

மறுநாள் ஸ்லாவென்காவைப் பார்த்தான். அவர் உறவுத் துறை. அந்த எட்டு மாதம் இயக்குநர் நாற்காலியும் அவருடையது. அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க உறவுதான் தம்பி. பாத்த உடனே தெரியுது. எனக்குச் சந்தேகமே இல்ல.”

“அப்ப மாத்திடுங்கம்மா.”

“எப்படி மாத்தறது? நீங்க என் அறைக்கு வந்தா எனக்குப் பன்னெண்டு, மியோத்ராக்குக்குப் பத்து. அந்தப் பத்தத் தூக்கிட்டு அவரு நேரா தூதரகத்துக்குப் போவாரு. அதுக்கப்பறம் மறுபடி பேச்சுவார்த்த, சமாதானக் கண்காணிப்பாளர்கள், வெள்ளைக் கார்கள். ஒரு காபிக் கோப்பைக்காக இந்த ஊரு இன்னொரு தடவ அதெல்லாம் தாங்குமா?”

“வேற வழி?”

“உறவுலேர்ந்து ஒரு படம் தனிமைக்குப் போகட்டும். படத்துல இருக்கறவங்க, நாங்க தனித்தனியாத்தான் இருந்தோம்னு எழுதிக் குடுக்கணும். பதினோரு ஜோடி இருக்கு. போய்க் கேளுங்க.” குரலைத் தாழ்த்தினார். “பதினொண்ணும் நல்லாவா இருக்கும்?”

வாஹித் கேட்கப் போனான். முடிதிருத்துபவர், இப்படி எழுதிக் கொடுத்தால் நாளைக்கு என் கத்திக்குக் கீழே எவன் கழுத்தை நீட்டுவான் என்று மறுத்துவிட்டார். பேருந்து நிறுத்தப் படத்திலிருந்த தம்பதியில் மனைவி உடனே பேனாவைக் கேட்டாள். ‘எதுக்குக் கேக்கற?’ என்றார் கணவர். ‘எதுக்குன்னு உங்களுக்குத் தெரியலன்னுதான்’ என்றாள் அவள். வாஹித் ஓசைப்படாமல் வெளியே வந்தான்.

கடைசியில் சுலேமானும் ரஷீதும் கிடைத்தார்கள். மைத்துனர்கள். பிளம் மரத்துக்குச் சாத்திய ஏணியை யார் எடுத்தது என்ற தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஆனால் தினமும் மூன்று மணிக்குக் காபிக்கடையில் எதிரெதிராக உட்கார்ந்து டோமினோ ஆடுவார்கள். ரெம்சா வரைந்ததும் அதைத்தான்.

“சுலேமான் மாமா, உங்களத் தனிமைக்கு மாத்திக்கறீங்களா?”

“எனக்கு ஆட்சேபண இல்ல” என்றார் சுலேமான். “என் எதிர்ல யாரும் உக்காந்திருக்கறதா நான் நெனச்சதே இல்ல. அங்க இருக்கற ஆளயும் கேட்டுக்கோ.”

“ரஷீத் மாமா?”

“அந்த ஆள்கிட்டச் சொல்லு. ஒன்பது வருஷமா நான் செவுத்தோடதான் ஆடறேன். செவுரு கொஞ்சம் நல்லா ஆடும்.”

மூவரும் அன்றே கலைக்கூடத்துக்குப் போனார்கள். மியோத்ராக் அகமகிழ்ந்து போனார். ஒரே படத்தில் இரண்டு தனிமை அவர் துறைக்கு இதுவரை கிடைத்ததில்லை. படிவத்தில் காரணம் என்ற கட்டம் இருந்தது. சுலேமான் எழுதினார்: இவன் ஏணியை எடுத்தான். ரஷீத் எட்டிப் பார்த்தார்.

“நானா எடுத்தேன்? உன் பையன் எடுத்துட்டுப் போனான்டா மச்சான், கோழிக்கூண்டுக்கு.”

“என் பையன் அப்ப ஜெர்மனியில இருந்தான்.”

“ஏப்ரல்லதான் போனான். ஏணி மார்ச்சு.”

சுலேமான் யோசித்தார். “மார்ச்சா?”

“மார்ச்சு. உன் தங்கச்சியக் கேளு. என் பேச்சத்தான் நம்பமாட்ட.”

“மார்ச்சுன்னா அவன்தான்” என்றார் சுலேமான் மெதுவாக. “இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?”

“நீதான் பேசமாட்டேன்னுட்டியே.”

இருவரும் எழுந்தார்கள். சுலேமான் ரஷீதின் காலரைச் சரிசெய்துவிட்டார். மியோத்ராக் படிவத்தைத் திரும்ப வாங்கி, நீளவாக்கில் கிழித்தார்.

“தகுதியில்ல” என்றார். “பேசிட்டாங்க.”

திறப்புவிழா அக்டோபர் கடைசி வெள்ளி. மூன்று துணை இயக்குநர்களும் பேசினார்கள். ஆளுக்குப் பதினொரு நிமிடம்; நேரம் பார்க்க ஊர்க் கால்பந்து நடுவரை அழைத்திருந்தார்கள்.

முதலில் ஸ்லாவென்கா. “ரெம்சா இன்று நம்மோடு இல்லை. இருந்திருந்தால் படங்களை எப்படி மாட்டுவது, என்ன பெயர் வைப்பது என்று கருத்துச் சொல்லியிருப்பார். அந்தச் சிரமம் எங்களுக்கு இல்லாமல் போனதை நன்றியோடு நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கலைஞரோடு கலைக்கூடத்துக்கு முழுமையான உறவு ஏற்படுவது அவருடைய மறைவுக்குப் பின்புதான்.”

சடங்குத் துறை எஷ்ரெஃப் எழுந்தார். “பேச்சு என்பதே ஒரு சடங்கு. ஆகவே நான் சொல்ல ஒன்றுமில்லை” என்று தொடங்கிப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

மியோத்ராக் கடைசி. “இந்த அறைக்காக ஏழு மாதம் தனிமையை ஆராய்ந்தேன். நண்பர்களின் தொலைபேசியை எடுக்கவில்லை. ஏப்ரலில் என் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதைப் பணி நிமித்தமான செலவுக் கணக்கில் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறேன். பார்வையாளர்களும் அந்த அனுபவத்தைப் பெறவேண்டும். எனவே தனிமை அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவர் வெளியே வந்த பின்புதான் அடுத்தவர். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்கிறார்கள். தனிமைக்கு நேர வரம்பு கிடையாது.”

கைதட்டல் மூன்று பேருக்கும் ஒரே அளவு. நடுவர் தலையசைத்தார்.

தனிமை அறையின் வாசலில் சிக்கல் வந்தது. சிறப்பு விருந்தினர்கள் மூவர். அவர்களில் எவரும் மற்றவருக்கு முன்னால் நுழையக் கூடாது, எவரும் பின்னால் நுழையவும் கூடாது. உள்ளே ஒருவருக்குத்தான் இடம். சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலின் அகலத்தை அளந்தார்.

அவர் அளந்துகொண்டிருந்தபோது வாஹித் உள்ளே போனான்.

ஹாய்ராவின் நாற்காலியை மூலையிலிருந்து இழுத்து, ஏழாவது படத்துக்கு எதிரில் போட்டான். ஒரு மேசை அகலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தள்ளி வைத்தான். உட்கார்ந்தான். அங்கேதான் அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால், படத்திலிருப்பவனுக்குக் கொஞ்சம் கோபமும் நிறையப் பொறுமையும் இருந்தது தெரிந்தது. தான் அப்படி இருந்ததை வாஹித் அதுவரை பார்த்ததில்லை. அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

“தம்பி” என்றார் மியோத்ராக் வாசலில் நின்று. “விருந்தினர்கள் காத்திருக்காங்க.”

“ஒருத்தர்தானே உள்ள இருக்கணும். இருக்கேன்.”

“எவ்வளவு நேரம்?”

“அவ வரைய ஆன நேரம்.”

“எவ்வளவு ஆச்சு?”

“நாலு நாள். நடுவுல சாப்பிட எந்திரிச்சோம்.”

மியோத்ராக் ஒரு காலை வாசலுக்கு மேல் தூக்கினார். பின்னாலிருந்து ஸ்லாவென்காவின் குரல் இனிமையாகக் கேட்டது.

“போங்க, போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. நீங்க உள்ள போனா ரெண்டு பேரு. ரெண்டுன்னா உறவு. அறைய நான் பாத்துக்கறேன்.”

மியோத்ராக் காலைக் கீழே வைத்தார். போலீஸை அனுப்பலாம் என்றார் ஒருவர். போலீஸும் இரண்டாவது ஆள்தான் என்றார் சட்ட ஆலோசகர். மூன்று போலீஸாக அனுப்பினால் சடங்கில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றார் எஷ்ரெஃப். விருந்தினர்கள் மூவரும் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

வாஹித் எழுந்து அந்த அட்டையைப் பிய்த்தான். ஒட்டுநாடாதான், சத்தமில்லாமல் வந்தது.

“தம்பி, அது அலுவலகச் சொத்து.”

“இந்தாங்க.” வாசல்வரை வந்து அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். சட்டைப்பையில் ஆய்வுக்கூடத்துப் பென்சில் இருந்தது. குப்பிகளின் மேல் எழுதுகிற தடித்த பென்சில். அட்டை இருந்த இடத்தில் சுவரில் எழுதத் தொடங்கினான்.

ஹாய்ரா தொப்பியைப் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள்.

“ஹாய்ரா, உள்ள போகாத” என்றார் மியோத்ராக். “போனா வேல போயிடும்.”

“என் நாற்காலி அங்க இருக்குய்யா. மூட்டு வலி. எவ்வளவு நேரம் நின்னுட்டே தனிமையப் பாத்துக்கறது?” என்று உள்ளே போய் உட்கார்ந்தாள். “எழுது கண்ணு, எழுது. நான் யாரும் தொடாமப் பாத்துக்கறேன்.”

அவளுக்குப் பின்னால் சுலேமானும் ரஷீதும் மார்ச்சா ஏப்ரலா என்று வாதாடிக்கொண்டே நுழைந்தார்கள். பேருந்து நிறுத்தத்து மனைவி வந்தாள். சற்று இடைவெளி விட்டுக் கணவரும் வந்தார். மியோத்ராக் பதினேழு வரை எண்ணினார். அப்புறம் வேறு வழியில்லாமல் அவரும் உள்ளே வந்தார். கையில் அட்டையோடு வாஹித்தின் தோளுக்குப் பின்னால் நின்று சுவரைப் படித்தார்.

‘வாஹித், ரெம்சா. காலைக் காபி.’

அவ்வளவுதான் இருந்தது. மியோத்ராக் வெகுநேரம் அதையே பார்த்தார். படத்திலிருந்த கோப்பையையும் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது. ஆனால் அவர் பதவியில் இருந்தார்.

“இது செல்லாது” என்றார். “மூணு கையெழுத்து வேணும்.”

வாஹித் பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டான்.

“நாங்க ரெண்டு பேருதாங்க இருந்தோம்” என்றான்.